பேரனின் நூலுக்குள் ஒரு தாத்தா

தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

குஷால் கான் கட்டக் என்றாலே வாளேந்திய கவிஞரைத்தான் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பகுதிகளில் வாழும் பஷ்தூன்கள் நினைப்பார்கள். 1613இல் அக்கோராவில் பிறந்து, ஷாஜஹானுக்காகப் போரிட்டவர். 1664இல் ஔரங்கசீப் அவரைப் பிடித்தார். ரண்தம்போர் கோட்டைச் சிறையிலும் வைத்தார். அந்தக் காயம் ஆறவேயில்லை. விடுதலைக்குப் பிறகு முகலாயரை எதிர்த்துக் கிளம்பினார். வாளைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அவருடைய காகிதங்களைப் பற்றிப் பேச வந்தேன்.

350 நூல்கள் எழுதினார் என்று பரம்பரையாக ஒரு கணக்கு உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை, நாயகனின் மீசையைச் சற்று நீட்டி வரைந்த கணக்கு அது. கிடைத்திருப்பவையே திகைக்க வைக்கின்றன. பெரிய திவான் (கவிதைத் தொகுப்பு), சிறையில் பாடிய 'பிராக் நாமா', தலைப்பாகை கட்டத் தகுதியுள்ளவன் யார் என்று கேட்கும் 'தஸ்தார் நாமா'. வேட்டைப் பறவை வளர்ப்புக்கென்றே 'பாஸ் நாமா'. படை நடத்திய மனிதர், பறவைக்கு நோய் வந்தால் என்ன மருந்து என்று செய்யுள் கட்டியிருக்கிறார்!

தொலைந்தவற்றில் என்னை உறுத்துவது அவருடைய சொந்தக் குறிப்பேடுதான். குடும்பமே பிளந்து கிடந்த காலம். மகன் பஹ்ராம் முகலாயர் பக்கம் போனார். இன்னொரு மகன் அஷ்ரஃப், அவரும் கவிஞர், பீஜப்பூர்ச் சிறையில் மாண்டார். கிழவர் 1689இல், அப்ரீதி என்ற பஷ்தூன் குலத்தாரின் மலைநாட்டில் கண்மூடினார். இந்த அலைச்சலில் குறிப்பேடு எங்கே தங்கும்?

அஷ்ரஃபின் மகன் அப்சல் கான் 'தாரீக்-இ-முரஸ்ஸா' என்ற வரலாற்றை எழுதினார். தாத்தாவின் குறிப்புகளை அதில் சேர்த்தார்; 'நான்' என்றிருந்ததை 'அவர்' என்று மாற்றவில்லை. வரலாற்றாசிரியருக்கு அது குறைதான். பேரனுக்கு?

மொழிபெயர்ப்பில் சில பகுதிகளைப் படித்தபோது நான் தடுமாறினேன். யூசுப்சாயி என்ற இன்னொரு பஷ்தூன் குலத்தாருடன் நடந்த சண்டையில் குஷாலின் தந்தை ஷாபாஸ் கான் மாண்டது 1641இல். அங்கே 'நான்' என்று பேசுவது அப்சலாக இருக்க வழியில்லை. அவர் அப்போது பிறக்கவே இல்லை. உடனே பென்சில் எடுத்து, தாத்தா பேசும் இடங்களுக்கு ஓரத்தில் கோடு போடத் தொடங்கினேன். சில பக்கங்களில் குரல் எங்கே மாறுகிறது என்று பிடிபடவில்லை. கோடு போடுவதும் அழிப்பதுமாக ஒரு தாள் கிழிந்தேவிட்டது.