"அது அப்படித்தான்" என்றாள் பாட்டி

நடுவர் அவர்களே, வேலூர்ப் பெருமக்களே! 'மேற்படிப்புக்குச் சமூக மானிடவியல்: விவேகமா, விரயமா?' மனிதர்கள் கூடி வாழும் முறைகளை ஆராயும் இந்தப் படிப்பு விவேகமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

"மாமன் மச்சான் உறவைத் தெரிந்துகொள்ள எம்.ஏ. எதற்கு? பாட்டியைக் கேட்டால் போதாதா?" என்று எதிரணி நண்பர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, நான் பாட்டியைக் கேட்டவன். அம்மாவின் தம்பியும் மாமா, அத்தையின் கணவரும் மாமா, பெண் கொடுத்தவரும் மாமா. ஏன் மூவருக்கும் ஒரே சொல்? "அது அப்படித்தான்" என்றாள். அவள் நிறுத்திய இடத்தில்தான் இந்தப் படிப்பு தொடங்குகிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துமோன் 1953-இல் இதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். முறைப்பெண் கட்டும் வழக்கத்தோடு இந்தச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தார். கொண்டான் கொடுத்தான் உறவும் சொத்தைப் போலத் தலைமுறை தாண்டி இறங்குகிறது என்றார். நம் வீட்டுத் திண்ணைச் செய்தி, பாரிஸ்காரர் சொல்லி நமக்குத் தெரிகிறது!

நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தையே பாருங்கள். 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கிராமங்களை ஆராயச் சொன்னார். அவற்றில் ஒன்று தூசி. பெயர்தான் தூசி, 1930-களிலும் 1980-களிலும் ஆய்வாளர்கள் அங்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். 1973-இல் கேம்பிரிட்ஜ்காரர்கள், பசுமைப் புரட்சி யாருக்கு லாபம் என்று பார்க்க நம் மாவட்டத்துக் கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஆய்வுக்களம்; நமக்கு மட்டும் விரயமா?

வேலை உடனே கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். இந்திய மானிடவியல் ஆய்வகத்தில் எல்லோருக்கும் நாற்காலி இல்லை. குடிமைப் பணித் தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம் என்பதையும் நான் பெரிய வாதமாக வைக்கவில்லை. தேர்வுக்காக மட்டும் படிப்பவருக்கு இது கசக்கும். ஒரே ஊரில் ஓராண்டு தங்கி, ஊரார் பேச்சைக் கற்று, அவர்கள் சோற்றை உண்ணும் பொறுமை வேண்டும்.

சி.எம்.சி. மருத்துவமனை எதிரே விடுதிப் பலகைகள் வங்காள மொழியில் இருக்கின்றன. நம் கடைக்காரர்கள் அந்த மொழியில் பேரம் பேசுகிறார்கள். நோயாளியோடு வந்தவர்கள் வாடகை அறையில் தங்கள் ஊர்ச் சமையலைச் சமைக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்குமுன் அவர்கள் ஊரில் யாரைக் கேட்கிறார்கள்? பணம் யார் அனுப்புகிறார்? ஸ்கேன் படத்தில் இதெல்லாம் தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள். நண்பர் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தெருவில் ஒரு தேநீர் குடிக்கட்டும். காசு நான் தருகிறேன்.