இதயம் விட்டுப்போன கடிதம்

நேயர்களுக்கு வணக்கம். 'அவோய் சன்மியாக்கு' என்று ஒரு ஜப்பானியப் படம். 'நீல மலைத்தொடர்' என்று பொருள். யோஜிரோ இஷிசகாவின் நாவலைத் தடாஷி இமாய் படமாக்கினார். 1949 ஜூலையில் இரண்டு பாகங்களாக வந்தது. நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது இதுதான்.

போர் முடிந்து அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். அரிசி விற்க ஒரு கடைக்கு வரும் மாணவி ஷின்கோவுக்கு அங்கிருக்கும் ரொகுசுகேவோடு பழக்கமாகிறது. இருவரும் சேர்ந்திருப்பதை யாரோ பார்த்துவிடுகிறார்கள். சிற்றூர் அல்லவா, அது போதும். வகுப்புத் தோழிகள் ஓர் ஆண் எழுதியது போலக் காதல் கடிதம் எழுதி அவளுக்கு அனுப்புகிறார்கள். அவள் அதை நேரே ஆசிரியையிடம் கொண்டுபோகிறாள். ஆசிரியையாக செட்சுகோ ஹரா. அவர் கண்டிக்க, "பள்ளியின் மானத்தைக் காக்கத்தான் செய்தோம்" என்கிறார்கள் மாணவிகள். ஊர்ப் பெரியவர்களின் கூட்டம் கூடுகிறது.

அந்தக் கூட்டத்துக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். வயதான ஆசிரியர் ஒருவர் எழுந்து கடிதத்தை அதில் உள்ளபடியே வாசிக்கிறார். ஜப்பானிய மொழியில் 'காதல்' என்பதற்கான எழுத்தும் 'விநோதம்' என்பதற்கான எழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மேல்பாதி ஒன்றேதான், கீழ்ப்பாதிதான் வேறு. காதலின் அடியில் இதயத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். எழுதிய பெண்கள் அதைத் தவறவிட்டுவிட்டார்கள். அதனால் 'அன்பே, அன்பே, என் காதலியே' என்று இருக்க வேண்டியது 'விநோதமே, விநோதமே, என் கிறுக்கியே' என்று ஆகிவிடுகிறது! அவரோ முகம் மாறாமல், இந்த இடத்தில் இந்த எழுத்து வர வேண்டும் என்று இலக்கண வகுப்பே எடுக்கிறார். காதலிப்பது குற்றமா என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர்கள் எழுத்துப் பிழையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதயம் விட்டுப்போன கடிதம், நேயர்களே. அந்த ஊரின் நோயை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

1947 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய அரசமைப்பு, இருவரின் சம்மதம் மட்டுமே திருமணத்துக்கு அடிப்படை என்றது. சட்டம் வந்துவிட்டது, ஊர் வாய் மாறவில்லை. அந்த இடைவெளியில்தான் ஷின்கோ நிற்கிறாள். அதனால்தான் கடைசியில் எல்லாரும் சைக்கிளில் கடற்கரைக்குப் போகும்போது, ரொகுசுகே கடலைப் பார்த்து ஷின்கோவைப் பிடிக்கும் என்று கத்தும்போது, எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. ரொகுசுகேவாக நடித்த ரியோ இகெபே போருக்குப் போய்த் திரும்பியவர். அப்போது வயது 31. மாணவனாகத்தான் தெரிகிறார்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். படத்தின் பாட்டைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இசையமைப்பாளர் ரியோய்ச்சி ஹத்தோரிக்கு, ஒசாகாவிலிருந்து கியோட்டோ போகும் நெரிசலான ரயிலில் மெட்டு தோன்றியது. மறந்துவிடாமலிருக்க அதை எண்களாகக் குறித்துக்கொண்டார். கள்ளச் சந்தைக்காரர் கணக்குப் போடுகிறார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம். அந்தப் பாட்டைத் தேடிக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.