வீட்டு நஞ்சு: எதிலிருந்து தொடங்குவது?

திருநெல்வேலி வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நெடுங்காலம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் என்பதால், பாளையங்கோட்டைச் சந்தையில் காய் வாங்க நிற்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், இப்போது எதில்தான் நஞ்சு இல்லை?" அந்தக் கேள்வியில் அச்சமும் இருக்கிறது, சலிப்பும் இருக்கிறது. அஞ்சியவர்கள் ஒரே வாரத்தில் வீட்டையே மாற்றப் பார்த்து, மாதம் முடிவதற்குள் ஓய்ந்துவிடுகிறார்கள். சலித்தவர்கள் எதையும் மாற்றுவதில்லை. இரு சாராரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். நாள்தோறும் நடப்பது எதுவோ அதை முதலில் பாருங்கள். ஆனித் தேரோட்டத்தன்று குழந்தை ஆசைப்பட்டு வாங்கித் தின்ற வண்ண மிட்டாயைவிட, ஒவ்வோர் இரவும் அந்தக் குழந்தை உறங்கும் அறையில் நடப்பது பெரிது.

இதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்று. சுற்றிலும் வயல், ஆகையால் கொசுவுக்குக் குறைவில்லை. எனக்குத் தெரிந்த அந்த வீட்டின் மருமகள் படித்தவர், பொறுப்பானவர். குழந்தை பிறந்ததும் பூச்சிமருந்து தெளிக்காத அரிசியையும் காய்களையும் கூடுதல் விலை கொடுத்துத் தேடி வாங்கினார். பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டார். குழந்தையைப் பார்க்க ஒருநாள் மாலையில் போயிருந்தேன். சன்னல்கள் இறுகச் சாத்தியிருந்த சிறிய அறையில், தொட்டிலுக்கு நேர் கீழே கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஆச்சி, "பிள்ளையக் கொசு கடிச்சிரக் கூடாதுல்லா, அதான் பொருத்தி வச்சிருக்கேன்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழை இல்லை. டெங்கு பரவும் ஊரில் கொசுவைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் புகையைப் பற்றி நான் சொல்லாமல் திரும்ப முடியவில்லை.

நேயர்களே, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைச் சோதித்து 2003ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று கண்டறிந்தது. இதில் கொசுவிரட்டும் மருந்தின் பங்கு சிறியது. மரத்தூளும் தேங்காய்ச் சிரட்டைத்தூளும் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருப்பதுதான் இவ்வளவு புகைக்கும் காரணம். நுண்துகள் என்றால், மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடிய தூசி என்று கொள்ளுங்கள். அதைச் சாத்திய அறையில், நம்மைவிட வேகமாக மூச்சுவிடும் பச்சைக்குழந்தை சுவாசிக்கிறது. ஒருநாள் அல்ல, நாள்தோறும்.

"ஆச்சி, வீட்டில் கொசுவலை இருக்கிறதா?" என்று கேட்டேன். பரணில் பழைய வலை ஒன்று இருந்தது. அதைத் துவைத்து, கிழிசலைத் தைத்துக் கட்டினார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே சன்னலைச் சாத்தி, விளக்கணைத்துப் படுக்கும்போது திறந்துவிடும் வழக்கமும் வந்தது. குழந்தையின் இருமல் குறைந்ததா என்று கேட்பீர்கள். ஒரு வீட்டில் நடந்ததை வைத்து எதையும் நிறுவ முடியாது. அதனால் அதை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் புகை நின்றது, அதுவே எனக்குப் போதும். விலை கூடிய அரிசியைத் தொடரலாமா என்று மருமகள் கேட்டார். கை தாங்கினால் வாங்குங்கள், தாங்காத மாதம் சாதாரண அரிசியையே நன்றாகக் களைந்து வடித்துப் போடுங்கள், அதற்காக மனம் வருந்த வேண்டாம் என்றேன்.

புகையைப் பேசும்போது இன்னொன்று. விடியற்காலையில் தெருவைப் பெருக்கிக் குவித்து, சருகோடு பாலிதீன் பைகளையும் சேர்த்துத் தீ வைப்பது நம் ஊர்களில் இன்னும் நிற்கவில்லை. சில வகைப் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. சருகை உரக்குழியில் போடுங்கள். பையைத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

அந்த மருமகள் டப்பாக்களை எல்லாம் எறிந்தாரே, அது தேவைதானா? உளுந்தும் பயறும் வைத்திருக்கும் டப்பாவால் பெரிய கேடில்லை, ஏனென்றால் உலர்ந்த, ஆறிய பொருள் பிளாஸ்டிக்கிலிருந்து அதிகம் எதையும் இழுப்பதில்லை. சூடும் எண்ணெயும் புளிப்பும் சேர்ந்த சாம்பாரைப் பையில் கட்டி வாங்குவதுதான் கெடுதல். காகிதக் குவளையின் உட்புறமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுத்தான். அதில் 100 மில்லி சூடான நீரை ஊற்றி 15 நிமிடம் வைத்தால் ஏறத்தாழ 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கடைக்குப் போகும்போது எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துச் செல்லுங்கள். மறந்துபோன நாளில் பையில்தான் வாங்க நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் பாத்திரத்தில் மாற்றிவிடுங்கள். தாமிரபரணிக் கரையில் வாழை இலைக்கு என்ன பஞ்சம்? இட்லியையும் அல்வாவையும் இலையில் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் கடைக்காரர்களும் கொடுப்பார்கள்.

எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்ட எண்ணெயைக் கொட்ட மனம் வராது. ஆனால் கறுத்து, நுரைத்து, பிசுபிசுப்பான எண்ணெய் உடலுக்கு ஆகாது. சிறிய சட்டியில் குறைந்த எண்ணெய் ஊற்றிப் பொரியுங்கள். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வண்ணம் அடிப்பவர்கள் பழைய கதவுகளைக் காய்ந்தபடி சுரண்ட வேண்டாம். வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சின் தூசியில் காரீயம் இருக்கலாம், அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மஞ்சள்தூள் கலப்படத்தையும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதையும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரமில்லை. பூஞ்சை பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் அதன் நஞ்சு முழுதும் போகாது, எறிந்துவிடுங்கள். இன்னும் ஒன்று, இதில் மட்டும் நாள்தோறும், எப்போதாவது என்ற கணக்கு செல்லாது: கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். உடனே குளோரின் வாயு கிளம்பும். தவறிக் கலந்துவிட்டால் கதவைத் திறந்து போட்டு வெளியே வந்துவிடுங்கள். வணக்கம்.