கோவேறு கழுதையிடம் விட்ட முடிவு

அன்பு நேயர்களுக்கு வணக்கம். வேலையை மாற்றலாமா, மகளுக்கு இந்தச் சம்பந்தத்தை முடிக்கலாமா என்று குழப்பம் வந்ததும் நம்மில் பலர் விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட வசனத்தையே பதிலாக எடுத்துக்கொள்கிறோம். இல்லையென்றால் பீடத்தில் இரண்டு சீட்டு வைத்து ஒன்றை எடுக்கிறோம்.

1522-இல், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார். முந்தைய ஆண்டு ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, படுக்கையில் மனம் மாறியவர் அவர். கோவேறு கழுதையில் மொன்செராத் மாதா திருத்தலத்துக்குப் போகும் வழியில் இஸ்லாமியர் ஒருவரோடு பேச்சு வந்தது, மாதாவின் கன்னிமை பற்றி. ஆண் துணையின்றிக் கருவுற்றதை ஏற்கிறேன், பெற்ற பிறகும் கன்னி என்பதை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு அந்த இஸ்லாமியர் முந்திப் போய்விட்டார். இஞ்ஞாசியாருக்கு மனம் ஆறவில்லை. தேடிப்போய்க் கத்தியால் குத்துவதா, விடுவதா? பாதை பிரியும் இடத்தில் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். கழுதை ஊருக்குள் திரும்பினால் குத்துவது, நெடுஞ்சாலையில் போனால் விட்டுவிடுவது. ஊர் கூப்பிடு தூரத்தில் இருந்தது, அதற்குப் போகும் பாதையும் அகலமானது. ஆனாலும் கழுதை நெடுஞ்சாலையைப் பிடித்தது. ஓர் உயிர் தப்பியது.

கவனியுங்கள் நேயர்களே, கொலை செய்யாதே என்று கடவுள் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அங்கே அடையாளம் கேட்க இடமே இல்லை. தெளிந்து தேர்தல், அதாவது கடவுளின் விருப்பம் எதுவென்று மன்றாடிக் கண்டறிவது, இரண்டு நல்ல காரியங்களுக்கு நடுவில்தான். லஞ்சம் கொடுக்கலாமா என்று நவநாள் செபம் சொல்ல வேண்டாம். யூதாசின் இடத்துக்குத் திருத்தூதர் மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தார்கள் என்பீர்கள். ஆமாம், ஆனால் முதலில் தகுதி இன்னதென்று பேசி, இருவரை நிறுத்தி, மன்றாடிய பிறகுதான் சீட்டு.

இஞ்ஞாசியார் பின்னால் எழுதிய வழி வேறு. துபாய் வேலைக்குப் போவதா, தனியாக இருக்கும் அம்மாவோடு ஊரிலேயே இருப்பதா? எது கிடைத்தாலும் சரி என்ற நடுநிலையை முதலில் கேட்டு மன்றாடுங்கள். பிறகு ஒரு தாளில் நான்கு பத்தி: போனால் நன்மை, போனால் தீமை, இருந்தால் நன்மை, இருந்தால் தீமை. இரண்டு பத்தி போதாது. போவதில் இருக்கும் தீமையும் இருப்பதில் இருக்கும் நன்மையும் ஒன்றல்ல. எத்தனை வரி என்று எண்ணாதீர்கள், எது கனமானது என்று பாருங்கள். பத்துச் சின்னக் காரணங்களை அம்மாவின் உடல்நிலை ஒன்றே சாய்த்துவிடும். இதே குழப்பத்தோடு முன்பின் தெரியாத ஒருவர் வந்தால் என்ன சொல்வீர்கள்? சாகும் தறுவாயில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவீர்கள்? இரண்டையும் கேளுங்கள்.

பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: மனம் வறண்டிருக்கும்போது, செபம் வராதபோது, முன்பு அமைதியாக எடுத்த முடிவை மாற்றிவிடுகிறோம். மாற்றவே கூடாது. மறுபடியும் சொல்கிறேன், வறட்சியில் முடிவை மாற்றாதீர்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, சண்டை போட்ட கையோடு எழுதும் ராஜினாமாக் கடிதம் அப்படிப்பட்டதுதான். அந்த நேரத்தில் செபத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், முடிவைத் தொடாதீர்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. ஆன்ம ஆய்வு பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக, இரவில் கால் மணி நேரம். நன்றி சொல்வது, ஒளி கேட்பது, அன்றைய பொழுதை மணி மணியாகப் பார்ப்பது, மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். அந்த நான்கு பத்தித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அன்று மனம் எந்தப் பக்கம் அமைதியடைந்தது என்று தேதி போட்டு ஒரு வரி எழுதிவிடுங்கள். வணக்கம்.