கடலும் கண்ணாடியும்

நேயர்களுக்கு வணக்கம். ஓவியத்தைப் பற்றி வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். படத்தை உங்களுக்குக் காட்ட வழியில்லை, சொல்லத்தான் முடியும். ஆகவே, கண்ணை மூடினாலும் எனக்குத் தெரிகிற படங்களை வரைந்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன்.

அவர் பெயர் சீலியா பால். 1959இல் நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். அப்பா இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர். ஐந்து பெண்களில் இவர் நான்காவது. சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் ஊர் திரும்பி, சில காலம் டெவன் மாவட்டத்தின் வடகரையில், கடலைப் பார்த்தபடி குடியிருந்தது. 16 வயதில் லண்டன் ஸ்லேட் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார்.

2017இல் வெனிஸில், விக்டோரியா மிரோ காலரியில் இவருடைய கண்காட்சி நடந்தது. அதற்கு வைத்த பெயர் 'கடலும் கண்ணாடியும்'. தன்னுருவங்களும் கடல் காட்சிகளும் அதில் இருந்தன. தெருவிருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் ஓடும் ஊரில் இதைவிடப் பொருத்தமாக என்ன வைக்க முடியும்! நான் அச்சில் பார்த்ததோடு சரி. ஆனாலும் முகத்தையும் கடலையும் ஏன் ஒன்றாக வைத்தார் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

நானும் கண்ணாடி முன் உட்கார்ந்து என் முகத்தை வரைய முயன்றிருக்கிறேன். கண்ணை வரையக் கண்ணையே உற்றுப் பார்க்க வேண்டும். உற்றுப் பார்த்தவுடன் அது முறைக்கிற கண்ணாகிவிடும். தூரிகையைக் கித்தானுக்குக் கொண்டுபோய்த் திரும்பிப் பார்த்தால், உதடு சற்று முன்பிருந்த உதடாக இல்லை. கடற்கரையில் ஸ்கெட்ச் நோட்டோடு உட்கார்ந்தாலும் இதே கதைதான். பென்சில் தாளைத் தொடுவதற்குள் அந்த அலை உடைந்து போயிருக்கும். இரண்டிலும் நாம் வரைவது ஒரு நொடிக்கு முந்திய நினைவை. வெனிஸில் இரண்டும் ஒரே காலரியில் தொங்கியதன் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனால் தன் முகத்துக்கு அவர் சுலபமாக வந்து சேரவில்லை. முதலில் அம்மாதான். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மகள் வரைவதற்காக அம்மா உட்கார்ந்தார். லண்டனில், பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எதிரே இருக்கும் வீட்டுக்கு 80 படி ஏறி வருவார். உட்கார்ந்திருக்கும் நேரத்தை ஜெபத்துக்கு வைத்துக்கொண்டார். அந்த ஓவியங்களில் அம்மாவின் மடிமேல் கிடக்கும் கைகளைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். வயதாகி அம்மாவால் படியேற முடியாமல் போனது. அதற்குப் பிறகுதான் சீலியா தன் பக்கம் அதிகமாகத் திரும்பினார். 2015இல் அம்மா காலமானார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 18 வயதில், கல்லூரியில் பாடம் எடுக்க வந்த புகழ்பெற்ற ஓவியர் லூசியன் ஃபிராய்டைச் சீலியா சந்தித்தார். ஃபிராய்டுக்கு அப்போது 55. ஃபிராய்டு வரைவதற்காகச் சீலியா பல ஆண்டுகள் மாடலாக உட்கார்ந்தார், இருவருக்கும் ஒரு மகனும் பிறந்தான். இன்றைக்கும் சீலியா என்றால் ஃபிராய்டின் மாடல் என்றே பலர் தொடங்குகிறார்கள். அது எனக்கு வலிக்கிறது. 1986–87இல் ஃபிராய்டு வரைந்த 'ஓவியரும் மாடலும்' படத்தில் சீலியாதான் ஓவியர். கையில் தூரிகை, வெறுங்காலால் தரையில் கிடக்கும் ஒரு வண்ண டியூபை மிதித்தபடி நிற்கிறார். 2012இல் சீலியா அதே தலைப்பில் தானும் ஒன்று வரைந்தார். அதில் எதிரே வேறு ஆளே கிடையாது. வண்ணம் அப்பிய நீண்ட அங்கியோடு நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், தரையில் டியூபுகள் கிடக்கின்றன. ஓவியரும் அவரே, மாடலும் அவரே. அந்த அங்கியை மட்டும் கொஞ்ச நேரம் மனக்கண்ணில் பாருங்கள். வண்ணம் அதன்மேல் தடிமனாக ஏறியிருக்கிறது. துணி எங்கே முடிகிறது, படத்தின் வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது.

இன்றும் அதே 80 படிக்கு மேல்தான் அவர் வேலை செய்கிறார். ஜன்னலைத் திறந்தால் எதிரே மியூசியத்தின் முற்றம். அங்கிருந்து பார்த்தால் எந்தத் திசையிலும் கடல் தெரியாது.

நன்றி, வணக்கம்.