பேப்பர் இல்லாத ஸ்டூடண்ட்ஸ் பத்தி டாக்குமெண்டரி: முகத்த பிளர் பண்ணா போதுமா?

அடுத்த கேள்வி, டெக்சாஸ்ல ஃபிலிம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. விசா, கிரீன் கார்டு மாதிரி பேப்பர் இல்லாம அமெரிக்காவுல இருக்கற ஹைஸ்கூல் பசங்கள வச்சு டாக்குமெண்டரி எடுக்கறாங்களாம், முகத்த பிளர் பண்ணிட்டா போதுமா, முகமே இல்லன்னா படத்துல உயிர் இருக்குமான்னு கேக்கறாங்க.

பிளர் மட்டும் போதாதும்மா. பிளர் பண்றது எடிட்டிங்ல, ஒரிஜினல் ஃபுட்டேஜ்ல அந்தப் புள்ளையோட முகம் அப்படியே உங்க ஹார்ட் டிஸ்க்ல கெடக்கும், நாளைக்கு அதக் குடுன்னு கோர்ட்ல இருந்து சம்மன் வந்தா நம்மள மாதிரி படம் எடுக்கறவங்களக் காப்பாத்த ஃபெடரல் லெவல்ல சட்டமே கெடையாது, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். அதனால மறைக்கறதுன்னு முடிவாயிட்டா ஷூட் பண்ணும்போதே முகம் பதிவாகக் கூடாது. குரலையும் விடாதீங்க, அவங்க சொன்னத வேற ஒருத்தர பேச வச்சுப் போடுங்க. ஸ்கூல் பேர் போட்ட ஜாக்கெட், அப்பா வண்டியோட நம்பர் பிளேட், அபார்ட்மெண்ட் கதவு நம்பர், இதெல்லாம் முகத்த விட வேகமா காட்டிக் குடுத்துடும். ஃபோன்ல எடுத்தா லொக்கேஷன ஆஃப் பண்ணிடுங்க.

உயிர் இருக்குமான்னா, கண்டிப்பா இருக்கும், ஏன்னா இந்தக் கதையோட வலி முகத்துல இல்ல, பன்னெண்டாவதுல இருக்கு. உங்க ஊர்லயே ஆரம்பிச்சது தான, டைலர்ங்கற ஊர்ல பேப்பர் இல்லாத புள்ளைங்க ஸ்கூல்ல படிக்க வருஷத்துக்கு 1,000 டாலர் கட்டணும்னாங்க, அது பிளைலர் எதிர் டோ கேஸா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1982ல 5க்கு 4ன்னு புள்ளைங்க பக்கம் தீர்ப்பாச்சு. ஆனா அந்தத் தீர்ப்பு ஸ்கூலோட சரி. கூடப் படிக்கறவன்லாம் ஃபாஃப்ஸா ஃபார்ம் போட்டு காலேஜுக்கு உதவிப் பணம் வாங்கறப்ப இவங்களுக்கு ஃபெடரல் பணம் ஒரு பைசா வராது. டெக்சாஸ்ல 2001ல இருந்து உள்ளூர் பசங்களுக்கான கம்மி காலேஜ் ஃபீஸாவது இவங்களுக்கு இருந்துச்சு, 2025 ஜூன்ல அதையும் கோர்ட் நிறுத்திடுச்சு. அந்த ஃபார்ம் முன்னாடி உக்காந்திருக்கற ரெண்டு கை போதும்மா, இவங்ககிட்ட இல்லாத சோஷியல் செக்யூரிட்டி நம்பரக் கேக்கற எடத்துல வந்து நிக்குது பாருங்க, அந்த ஷாட்ட அவசரப்பட்டு கட் பண்ணாதீங்க.

அதுக்காக எல்லாரையும் மறைச்சே ஆகணும்னும் நான் சொல்ல மாட்டேன். 2010 மார்ச்ல சிகாகோ ஃபெடரல் பிளாசாவுல பசங்க மைக் முன்னாடி நின்னு எனக்கு பேப்பர் இல்லன்னு வெளிப்படையா சொன்னாங்க, அதே வருஷம் நாலு பேர் மயாமியில இருந்து வாஷிங்டன் வரைக்கும் நடந்தே போனாங்க. நாலு பேருக்குத் தெரிஞ்ச முகத்த சத்தமில்லாம நாடு கடத்த முடியாதுங்கறது அவங்க கணக்கு, அது பெரிய தைரியம். ஆனா இப்ப நிலைமை வேற. சின்ன வயசுல வந்தவங்கள நாடு கடத்தாம விடறதுக்கு 2012ல ஒபாமா கொண்டு வந்த டாகா திட்டத்துக்கு 2007 ஜூன் 15ல இருந்து தொடர்ந்து இங்க இருந்திருக்கணும், இன்னைக்கு பன்னெண்டாவது படிக்கற புள்ள அப்ப பொறந்தே இருக்காது, அந்தப் பாதுகாப்பும் இவங்களுக்கு இல்ல. முகம் காட்டறது அந்தப் புள்ளையோட முடிவா இருக்கணும், உங்க படத்துக்கு நல்லாருக்கும்னு நீங்க பேசிப் பேசி வாங்குன முடிவா இருக்கவே கூடாது.

இன்னொன்னு, நெறைய பேர் மறந்துடறாங்க. பதினெட்டு வயசு ஆகலன்னா, படத்துல வர்றதுக்கு சம்மதம்னு குடுக்கற ரிலீஸ் ஃபார்ம்ல அப்பா அம்மா தான கையெழுத்துப் போடணும், அவங்களுக்கும் பேப்பர் இல்லன்னா அவங்க பேரு, அட்ரஸ் எல்லாம் நீங்களே ஒரு கவர்ல போட்டு வச்ச மாதிரி ஆயிடும். ஷூட்டுக்கு முன்னாடியே ஒரு இமிக்ரேஷன் வக்கீலப் பாத்து, அந்தக் காகிதம் யார்கிட்ட இருக்கணும், எப்படி எழுதணும்னு கேட்டுக்கங்க. எடிட் முடிஞ்சதும் மொதல்ல அந்தக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுங்க, ஃபெஸ்டிவலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒருவாட்டி, ஆன்லைன்ல போடறதுக்கு முன்னாடி இன்னொருவாட்டி கேளுங்க. வேணாம்னா அந்த சீன எடுத்துடுங்க, எவ்ளோ நல்ல சீனா இருந்தாலும் சரி.