தனுஷ்கோடி சர்ச் சுவத்த ஒரு தடவ கிட்ட போய் பாருங்க

[காட்சி: இடிஞ்ச சர்ச், கடல் சத்தம்]

தனுஷ்கோடிக்கு வர்ற முக்காவாசிப் பேரு வேன்ல இருந்து இறங்கி, இந்த சர்ச் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு, "1964 புயல்ல அழிஞ்ச ஊரு"ன்னு கைடு சொல்றத அரைகுறையா கேட்டுட்டு நேரா சங்கு கடைக்குப் போயிடுறாங்க. வெறும் வருஷத்த சொன்னா பசங்க மனசுல எங்க ஒட்டும்? மொதல்ல பசங்கள சுவத்துக்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

[காட்சி: சுவரு, ரொம்ப கிட்டத்துல]

இந்தக் கல்ல நல்லா பாருங்க, பூப்பூவா பொடிப்பொடி ஓட்டை வரிசையா இருக்குல்ல, ஒவ்வொன்னுலயும் ஒரு குட்டி உயிர் குடியிருந்துச்சு. பவளப்பாறைங்க இது! சுத்தி மலையே இல்லாத மணல் பூமி, கட்டடத்துக்கு கல்லு வேணும்னா கடல்ல இருந்துதான் வெட்டணும். இன்னைக்கு வெட்டினா கேஸ்தான், 2001லயே புலி இருக்குற அதே பாதுகாப்புப் பட்டியல்ல பவளத்தையும் சேத்துட்டாங்க.

"இது என்னடா?"ன்னு மட்டும் கேட்டுட்டு நீங்க சும்மா இருங்க, பையனே கேள்வி மேல கேள்வியா கேப்பான், அப்ப ஆரம்பிங்க கதைய. அந்தக் காலத்துல மெட்ராஸ்ல இருந்து ரயில்ல வந்து இங்க கப்பல் ஏறித்தான் இலங்கைல இருக்குற தலைமன்னாருக்குப் போவாங்க, அந்த 1964 புயல்ல, டிசம்பர் 22 ராத்திரி பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயிலயே ஆளுங்களோட கடல் அடிச்சிட்டுப் போயிருச்சு.

தயவுசெஞ்சு "பேய் ஊரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, மீன்பிடிக்கிற குடும்பங்க இன்னும் இங்க இருக்காங்க, அவங்க சொந்தக்காரங்க செத்த இடம் இது.

[காட்சி: பனைமரம், வைகை முகத்துவாரம்]

சரி, பாக்குறதுக்கு சுவரே இல்லாத இடத்துல என்ன பண்றது? ராமநாதபுரம் மாவட்டத்துல இருக்குற அழகன்குளம் அப்படித்தான். 1986ல தொடங்கி தொல்லியல் துறை பல தடவ தோண்டி ரோமானியக் காசு, வெளிநாட்டுப் பானை ஓடுன்னு எவ்வளவோ எடுத்தாங்க, இப்ப போனா வெறும் மேடுதான். ஆனா கிடைச்சதுல ஒரு பானை ஓட்டுல யாரோ கப்பல் படம் கீறி வச்சிருக்காங்க, எனக்கு தங்கக் காசவிட அதுதான் பெருசு. அந்தப் படத்த போன்ல எடுத்து வச்சுக்கிட்டு, வைகை கடல்ல சேர்ற பக்கம் பசங்கள நிக்க வச்சு காட்டுங்க, "இத கீறினவரு எங்க நின்னு அந்தக் கப்பல பாத்திருப்பாரு?"ன்னு கேளுங்க, ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டுவாங்க, காட்டட்டும், உடனே திருத்தாதீங்க.

அழகன்குளம் போறவங்க ஊருக்குள்ள கோட்டைமேடு எதுன்னு கேளுங்க, தோண்டின மேடு அதுதான், வழி சொல்லுவாங்க. வெயில் தாழப் போங்க, தனுஷ்கோடில சுவத்த சுரண்டாதீங்க, உப்புக்காத்துலயே அது உதிர்ந்துக்கிட்டுதான் இருக்கு.